தண்ணீருக்குள்ளும் மணக்கும் ஜின்

மூடியளவு ஜின்னை உள்ளங்கையில் ஊற்றி, இரண்டு கையையும் தேய்த்து, கும்பிடுவதுபோல மூக்கருகே கொண்டுபோகிறாள் ஜெயரூபி. கண்கள் மூடியிருக்கின்றன. சாராய நெடி பறந்தபின் கையில் என்ன மிஞ்சுகிறது என்பதுதான் அவளுக்கு முக்கியம். வாயில் ஒரு துளி விடமாட்டாள். "நாக்குக்கு வெறிக்கும், பிறகு எல்லாத்தையும் நல்லதெண்டு சொல்லும். மூக்குக்கு வெறிக்காது" என்பாள்.

மாலைதீவு ஹோட்டல் ஒன்றில் கிளாஸ் கழுவப் போனவள். வெள்ளைக்காரர் மிச்சம் வைத்ததை மணந்து மணந்தே ஜின்களைப் பிரித்தறியப் பழகினாள். இப்போது கண்டாவளையில் இருந்துகொண்டு, கனடாவிலிருந்து வந்து கிளிநொச்சியில் கலியாணம் செய்கிறவர்களின் விருந்துகளுக்குப் பானம் கலந்து கொடுக்கிறாள். ஜின், நெல்லி கிறஷ் எனும் இனிப்புச் சாறு, சோடா: அவளுடைய பேர்போன கலவை.

"தனியக் குடிக்கிறதெண்டால் விலை கூடினதை வாங்குங்கோ. கலக்கிறதுக்கு உது தேவையில்லை. ஜின்னுக்குப் போடுற ஜூனிப்பர் காய் வாசம் பிசின் மாதிரி முன்னுக்கு நிக்கோணும். தேசிக்காய் விழுந்து, ஐஸ் கரைஞ்சு, சோடாவுக்குள்ள அமிழ்ந்தாலும் 'நான் இஞ்சதான் நிக்கிறன்' எண்டு சொல்லோணும்." பூவும் பழமும் மணக்கிற ஜின்னுக்கு அவள் வைத்திருக்கும் பெயர் 'முகப்பவுடர்'.

ஒரேயொரு சிக்கல். வைன் கடை வரிசையில் அவள் போய் நிற்க முடியாது. நின்றால் அன்றைக்கு ஊரில் வேறு கதை இருக்காது. அதனால் கணவன் சுகிர்தன்தான் போகவேண்டும். அவன் வயல்காரன், சாராயப் பக்தன். ஜின் அவனுக்குச் சென்ற் தண்ணி.

போன கிழமை கலியாண மண்டபக்காரர் குகதாசன் ருசி பார்க்க வருவதாக இருந்தது. வைகாசிக் கலியாணங்கள் முழுவதையும் ரூபியிடம் கொடுப்பதா, கொழும்புக் குழுவைக் கூப்பிடுவதா என்று அன்றுதான் முடிவு செய்வார். காலையிலேயே கடைக்குப் போன சுகிர்தன், மத்தியானம் ரோஸ் நிற ஜின் போத்தலோடு வந்து நின்றான்.

"இஞ்சாருங்கோ, என்ன இது?"

"வைகாசியில வாற முதல் கலியாணத்துப் பொம்பிளையின்ர கூறை ரோஸ் எண்டு நீர்தானே சொன்னீர். பொருந்தட்டும் எண்டு எடுத்தனான்."

"நான் ஜின் கேட்டனான். சட்டைத்துணி கேட்கேல்லை."

கடை பூட்டியாயிற்று, இனிப் பின்னேரந்தான் திறக்கும்; குகதாசன் அதற்கு முன்னமே வந்துவிடுவார். கையில் தேய்த்து மணந்தாள். சீனிப்பாகு. ஜூனிப்பரைக் காணவில்லை. இதற்குமேல் நெல்லி கிறஷும் விட்டால் கோயில் திருவிழாச் சர்பத்துத்தான்.

பிறகு கிறஷ் போத்தலைத் தள்ளி வைத்துவிட்டு, வளவு மரத்தில் பச்சை நெல்லிக்காய் பிடுங்கிவந்து உப்போடு இடித்தாள். ஜின்னில் இல்லாத கசப்பை நெல்லியிடம் கடன் வாங்கினாள். தேசிக்காய்த் தோலைக் கிளாஸ் விளிம்பில் தேய்த்தாள். ஐஸ், சோடா.

குகதாசன் ஒரு மிடறு குடித்தார். முகம் கோணியது. சுகிர்தன் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தான். இரண்டாவது மிடறில் முகம் விரிந்தது.

"தங்கச்சி, இது முதல்ல ஆளை ஏசுது. பிறகு சமாதானம் சொல்லுது. வைகாசிக்கு இதையே செய்யுங்கோ."

ஓம் என்றிருந்தால் அலுவல் முடிந்திருக்கும். ரூபியால் முடியவில்லை.

"இல்லை அண்ணை. இது தப்பிப் பிழைச்ச தப்பு. எனக்குக் கடை வரிசையில நிக்கேலாது, இவர் வாங்கியந்த ஜின் சரியில்லை, நெல்லிதான் காப்பாத்தினது. கலியாணத்துக்கு நல்ல ஜின் தராட்டி நான் செய்யமாட்டன்."

சுகிர்தன் தலையில் கைவைத்தான். குகதாசன் கிளாசையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப வரிசையில நான் நிக்கிறன். நீங்கள் வாகனத்துக்குள்ள இருந்து போனில சொல்லுங்கோ, எந்தப் போத்தல் எண்டு. இவரை மட்டும் அனுப்பாதேங்கோ." எழும்பும்போதே கொழும்புக்காரருக்குப் போன் எடுத்து, வைகாசிக்கு வரவேண்டாம் என்று சொல்லிக்கொண்டு நடந்தார்.

"அப்ப என்ர ரோஸ் போத்தல்?" என்றான் சுகிர்தன்.

ரூபி குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தி, பெரிய ஐஸ்கட்டி ஒன்றை வாயில் போட்டு, முற்றம்வரை கேட்கும்படி கடக்கு முடக்கென்று கடித்தாள்.