பிசிறென்று வெட்டிய ஒளி நூல்

போன வருடம் மழை ஓய்ந்த சமயம். தாராவியில் இரும்பு ஏணி ஏறிப் போகும் மாடி அறையில் நான்கு மெஷின் போட்டு, பைக் ஓட்டுகிறவர்கள் போடும் ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். அங்கே செம்பூரிலிருந்து ஒரு பெண் வந்தாள். இன்ஜினீயரிங் கடைசி வருடம்.

கையில் ஒரு கட்டு நூல் வைத்திருந்தாள். தூண்டில் நரம்பு மாதிரி இருந்தது. நுனியைச் சின்னப் பேட்டரிப் பெட்டியில் மாட்டியதும் நூல் முழுக்கப் பச்சையாக எரிந்தது. வளைத்தாள், விரலில் சுற்றினாள், அப்போதும் எரிந்தது. தொட்டால் சூடே இல்லை.

அவள் தம்பி பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்பவன். இருட்டில் திரும்பும்போது பின்னால் வந்த டெம்போ இடித்து, கால் முறிந்து கிடந்தான்.

"முதுகுல ஆரோ, அம்புக்குறி எரியணும்க்கா. லெஃப்ட் திரும்பினா லெஃப்ட், ரைட்னா ரைட். பின்னாடி வர்றவனுக்குத் தெரியணும்."

போன கடையிலெல்லாம் "நஹி ஜமேகா", முடியாது என்று அனுப்பிவிட்டார்களாம். அதைக் கேட்டதும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "வச்சிட்டுப் போ, நான் தைக்கேன்" என்றேன்.

மெஷின் ஊசி குத்தினால் அந்த நூல் அவ்வளவுதான். அதனால் துணிமேல் படுக்க வைத்து, கையாலேயே தைத்துப் பிடித்தேன். பேட்டரி மாட்டுவதற்காக நுனிகளைப் பக்கத் தையல் வழியாக வெளியே தொங்கவிட்டேன். பழக்க தோஷத்தில் அந்தத் தையலில் இரண்டு விரல் மடிப்பும் உள்ளே விட்டேன்.

வேலை எப்படி என்று பார்க்க வந்தவள் கேட்டாள், "எதுக்குக்கா இவ்ளோ எக்ஸ்ட்ரா?"

"நாளைக்கு உன் தம்பி குண்டானா பிரிச்சு விட வேண்டாமா?"

சிரித்துக்கொண்டே போனாள்.

ஜாக்கெட்டை அவள் வாங்க வந்த அன்று சாயங்காலமே கல்லூரியில் காட்ட வேண்டும். அதுதான் அவளுக்குப் பரீட்சை. எங்கள் கடையில் கடைசி வேலை என் மைனியுடையது, அண்ணன் பெண்டாட்டி. தொங்குகிற நூல் பிசிறையெல்லாம் வெட்டி, மடித்துக் கொடுப்பார். பிசிறோடு எந்த உருப்படியும் ஏணி இறங்கக் கூடாது என்பது அவர் சட்டம்.

"பாரு பிள்ள, ஒரு பிசிறு கெடையாது" என்று பெருமையாக நீட்டினார்.

அந்தப் பெண் பேட்டரியை மாட்ட நுனியைத் தேடினாள். இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. நான் தொங்கவிட்ட நுனிகளையும் மைனி பிசிறென்று வெட்டிவிட்டிருந்தார். வேறு நூலும் கிடையாது. அவளே லேபில் மாதக்கணக்காகப் பாடுபட்டுச் செய்தது அது.

மைனியின் முகம் செத்துப்போனது. ஆனால் ஒரு நிமிடம்தான். பிளேடை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். "வெட்டுனது நான்தான? நானே பிரிக்கேன். மடிப்புக்குள்ள கொஞ்சமாச்சும் கெடக்கும்லா?"

கிடந்தது! ஒவ்வொரு நூலும் விரல் நுனியளவு. மேல்தோலைச் சீவி உள்ளே இருக்கும் இரண்டு கம்பிகளை எடுக்க வேண்டும், அவை ஒன்றையொன்று தொட்டுவிடக் கூடாது. முதல் நூலிலேயே அந்தப் பெண்ணுக்குப் பிளேடு சறுக்கி, நுனி அடியோடு அறுந்து போனது. நான்கு மெஷின்களையும் நிறுத்தச் சொன்னேன். அவை ஓடினால் எங்கள் பலகைத் தரை ஆடும். மைனி நூலை இழுத்துப் பிடிக்க, அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு சீவினாள். நான் பின்னாலேயே தைத்துக்கொண்டு வந்தேன். டப்பாவில் சோறு ஆறிப்போனது. யாரும் திறக்கவில்லை.

கதவைச் சாத்தி லைட்டை அணைத்தோம். லெஃப்ட் எரிந்தது. ரைட்டும் எரிந்தது, நடுவில் நுனி அறுந்துபோன அந்த ஒரு கோடு மட்டும் இருட்டு.

"ஆரோ தெரியுது, போதும்" என்று ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஏணியில் தடதடவென்று இறங்கி ஓடினாள்.

பாஸாகிவிட்டாள். கால் சரியாகி, அவள் தம்பி இப்போது அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டுதான் வண்டி ஓட்டுகிறான். மைனி இன்றும் பிசிறு வெட்டுகிறார், ஆனால் ஒவ்வொன்றையும் மெல்ல இழுத்து அது எங்கே போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் கத்தரி வைக்கிறார். இருட்டில் அந்தத் தம்பியின் முதுகில் எரிகிற அம்பை நினைக்கும்போதெல்லாம், "முடியாது" என்று யாரையும் இந்த ஏணியிலிருந்து திருப்பி அனுப்ப எனக்கு மனசு வருவதில்லை.