பதுங்குகுழியில் சிரித்தவன்

ஒரு பெண்ணுக்கு நான் பொய்யான தகப்பனைக் கொடுத்தேன்.

சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியும். என் பிழைப்பே அதுதான். ஆனால் உங்களிடம் அது வேண்டாம். யாரோ ஒருவனுடைய முகத்தை எடுத்து, அதில் என் கையால் ஒரு திருத்தம் செய்து, 'இதோ உன் அப்பா' என்று நீட்டினேன். அவள் நம்பினாள். இன்றுவரை நம்புகிறாள்...

யாங்கோனில், மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில், ரயில் சத்தம் ஓயாத ஒரு தெருவில் புகைப்படக் கடை வைத்திருக்கிறேன். பழைய படங்களைப் புதுப்பித்துக் கொடுப்பது என் வேலை. பூஞ்சை பிடித்தது, கரையான் அரித்தது, மழையில் ஊறியது... எதுவானாலும் கணினியில் ஏற்றிச் சரிசெய்துவிடுவேன். கூடவே சின்னச் சின்னப் பொய்களும் உண்டு. செத்த பிறகு எடுத்த படம்தான் இருக்கிறது என்பார்கள். மூடிய கண்களைத் திறந்து வைப்பேன். வாழ்நாளில் கோட்டைத் தொடாதவருக்குக் கோட்டு மாட்டிவிடுவேன். சிங்கப்பூரில் இருக்கும் மகனைக் குடும்பப் படத்தின் ஓரத்தில் கொண்டுவந்து நிறுத்துவேன். இதையெல்லாம் யார் பாவம் என்பார்கள்? ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவன் நான். பாவசங்கீர்த்தனத்தில் என் கோபத்தைச் சொல்லியிருக்கிறேன், குடியைச் சொல்லியிருக்கிறேன். திறந்து வைத்த கண்களைப் பற்றிச் சாமியாரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியதே இல்லை.

அவள் பெயர் சௌந்தரம். தெருவுக்கே சௌந்தரம் அக்கா. என்னைவிட இருபது வயதுக்கு மேல் மூத்தவள். காலையில் பேஜோ சுட்டு விற்பாள். பருப்பை மாவில் தோய்த்து மொறுமொறுவென்று பொரிக்கிற பலகாரம் அது. விற்றது போக உடைந்ததையெல்லாம் காகிதத்தில் சுற்றி எனக்குக் கொண்டுவருவாள்.

"வயித்துக்குள்ள போனா உடைஞ்சதாம் முழுசாம்! தின்னு தம்பி."

நான் தனிக்கட்டை. 'சாப்பிட்டியா' என்று என்னைக் கேட்கிற வாய் அந்த ஒன்றுதான்.

அவள் தன் அப்பாவைப் பார்த்ததில்லை. ஜப்பான்காரன் குண்டு போட்ட காலத்தில் அவள் தாய் வயிற்றில் இருந்தாள். அப்பா காளிமுத்து, போட்டாதாங் துறையில் மூட்டை தூக்கியவர். வெள்ளைக்காரப் பட்டாளத்துக்குப் பதுங்குகுழி வெட்ட ஆள் வேண்டும் என்று மேஸ்திரி வந்து கூட்டிப்போனான். மண்வெட்டியோடு போனவர் போனவர்தான். அக்கம்பக்கமெல்லாம் இந்தியாவுக்கு நடையாய் நடந்தபோது அவள் தாய் மட்டும் அசையவில்லை. வயிற்றுப்பிள்ளைக்காரியால் நடக்க முடியாது என்பது ஊருக்குச் சொன்ன காரணம். அவர் திரும்பி வந்தால் வீடு இருக்க வேண்டுமே என்பது சொல்லாத காரணம்.

செத்த சேதி வரவில்லை. அதனால் அந்தத் தாய் தாலியைக் கழற்றவில்லை, பொட்டை அழிக்கவில்லை. திதி இல்லை, படையல் இல்லை, மாலை போட ஒரு படமும் இல்லை. சுமங்கலியாகவே கிழவியாகி, சுமங்கலியாகவே செத்தாள். அந்தத் தாலியும், தண்டவாளத்து ஓரத்து வீடும், காத்திருப்பும் மகளுக்கு வந்து சேர்ந்தன.

சௌந்தரம் அக்காவின் புருஷன் முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள் மலேசியாவில். 'இங்கேயே வந்துவிடு' என்று அவள் கூப்பிடாத நாளில்லை; இவள் அசைந்தால்தானே! அப்பா உயிரோடு இருந்தால் நூறைத் தொடும் வயது என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அவளுக்குக் கோபம் வரவில்லை.

"வரமாட்டாருன்னு எனக்குத் தெரியாதா தம்பி? மூஞ்சி தெரியலியேன்னுதான். கண்ண மூடினா எல்லாருக்கும் அவங்கவங்க அப்பா வர்றாரு. எனக்கு ஒண்ணும் வரமாட்டேங்குது."

அவளிடம் இருந்தது ஒரே ஓர் அடையாளம். அம்மா சொன்னது. அப்பாவுக்கு முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே இடுக்கு இருக்குமாம். அந்த இடுக்கில் காற்றை விட்டுச் சீழ்க்கை அடித்தபடி தெருமுனை திரும்புவாராம்.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் குற்றம் அந்த இடுக்கில்தான் இருக்கிறது.

பத்து வருடங்களுக்கு முன் ஒரு மழைக்காலத்தில் வெளிநாட்டுக்காரர் ஒருவர் என் கடைக்கு வந்தார். பர்மாவில் நடந்த யுத்தத்தின் படங்களைச் சேகரிப்பவர். தன் ஊரில் கண்காட்சி வைக்கப்போகிறாராம். கீறல் நீக்கி, பெரிதாக அச்சிட்டுத் தர வேண்டும் என்றார். ஒத்துக்கொண்டேன்.

யுத்தம் என்றால் நான் துப்பாக்கிப் புகையையும் பிணங்களையும் நினைத்திருந்தேன். படங்களில் இருந்ததோ வேறு! பதுங்குகுழிக்குள் குந்தியபடி ஒருவன் சவரம் செய்துகொள்கிறான்; குழிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் மரவேரில் அவன் கண்ணாடி தொங்குகிறது. முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு இருவர் தகரக் குவளையில் தேநீர் குடிக்கிறார்கள். நனைந்த காலுறையைப் பிழிகிறான் ஒருவன். ஒரு பையன் உட்கார்ந்தபடியே தூங்குகிறான், வாய் திறந்து... எல்லாருக்கும் வீட்டு ஞாபகம். அது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். தனியாகச் சாப்பிடுகிறவனுக்கு அந்த முகம் தெரியும்.

மை காய்வதற்காகப் படங்களை மேசையில் பரப்பியிருந்தபோதுதான் சௌந்தரம் அக்கா பேஜோவோடு உள்ளே வந்தாள். நின்றாள். என் பூதக்கண்ணாடியைத் தானே எடுத்துக்கொண்டாள்.

"இதுல நம்ம ஆளுங்க இருக்காங்களா தம்பி?"

இருந்தார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பின்னால், ஓரத்தில், மண்கூடை சுமப்பவர்களாக. யாரும் அவர்களைப் படமெடுக்கவில்லை. படத்தில் தப்பித்தவறி விழுந்தவர்கள்.

அன்றுமுதல் அவள் தினமும் வந்தாள். ஒவ்வொரு முகமாக, உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். 'பல்லக் காட்டித் தொலைங்களேன்டா' என்று படத்தோடு பேசினாள். அந்தக் காலத்துக் கூலிக்காரன் கேமராவைப் பார்த்துச் சிரிப்பானா? இரண்டாம் வாரம் தலைக்குப் பூ வைத்துக்கொண்டு வந்தாள்! எழுபது தாண்டிய பெண், கன்னத்தில் தனாக்காக் கட்டையை அரைத்துப் பூசி, மல்லிகை வைத்து... அப்பாவைப் பார்க்கப் போகிறவள் அல்லவா? அந்த நாட்களில் நானும் அவளோடு சேர்ந்து தேடினேன். என் வாழ்வில் நான் யாரோடும் சேர்ந்து எதையும் அவ்வளவு ஆசையாகத் தேடியதில்லை.

கடைசிக் கட்டுப் படங்களும் முடிந்தன. ஒன்றிலும் இல்லை.

"சரி விடு தம்பி" என்றாள். "கொடுப்பினை இல்ல. நாளையிலேருந்து உன் வேலையக் கெடுக்க மாட்டேன்."

பூதக்கண்ணாடியைச் சேலையில் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனாள். அவ்வளவுதான். அழுதிருந்தால்கூட நான் தப்பித்திருப்பேனோ?

அன்று பகல், ஜெனரேட்டர் இரைச்சலில், மறுபடி எல்லாப் படங்களையும் திறந்தேன். ஒன்றில் அவன் இருந்தான். பதுங்குகுழியின் விளிம்பில், கூடையைத் தோளில் ஏற்றியபடி, எவனோ சொன்ன வேடிக்கைக்குச் சிரிக்கிறான். அத்தனை படங்களிலும் சிரித்த கூலிக்காரன் அவன் ஒருவன்தான். அவளும் அவனைப் பார்த்தவள்தான். பல் வரிசையாக இருந்ததால் தாண்டிப்போய்விட்டாள்.

நான் அந்த முகத்தைப் பெரிதாக்கினேன். முன்பற்களின் நடுவே ஒரு சின்னக் கறுப்பு... நெல்மணி அளவுகூட இல்லை. இரண்டு கண்களைத் திறந்து வைப்பதைவிட எளிதான வேலை!

மறுநாள் அவளைக் கூட்டிவந்து காட்டினேன். படத்தில் இருந்த தூசியை நீக்கியதும் தெரிந்தது என்றேன். குற்றத்தை எவ்வளவு நேர்த்தியாகச் செய்தேன் பாருங்கள்.

அவள் பூதக்கண்ணாடியைத் தேடவில்லை. படத்தைக் கையில் எடுத்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"ஹொத்லா தம்பி?"

நிஜமா என்று பர்மாக்காரர்கள் கேட்கும் சொல். எங்கள் வாயில் அது தமிழோடு தமிழாகக் கலந்துவிட்டது. எனக்கு 'ஆமாம்' என்ற சொல் நாக்கில் ஏறவில்லை. என் தாய் பேசிய பாஷையில் அந்தப் பொய்யைச் சொல்லக் கூசியது. "ஹொத்தே அக்கா" என்றேன். இரவல் பாஷையில் சொன்னால் பாவம் பாதியாகிவிடுமா என்ன? எவ்வளவு மலிவான தந்திரம்!

"சின்னப் பையனா இருக்காரே..." என்றாள். "அப்பா... அப்பா..." என்று சொல்லிப் பார்த்தாள். அந்தச் சொல்லைப் பழகாத வாய் அது. பிறகு அழுதாள், சிரித்தாள், என் தலையைத் தடவினாள். அந்தத் தடவலுக்காகத்தான் செய்தேனா? இரக்கத்தால் செய்தேன் என்று பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரக்கம் இருந்தது, பொய்யில்லை. ஆனால் அவள் வராத காலைகளை நினைத்துப் பயந்ததும் உண்டு. எது பெரிது? எனக்கே தெரியவில்லை...

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "இவரு அப்புறம் என்னா ஆனாரு? அந்த வெள்ளக்காரருக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அரைகுறையாக வேலையை விட எனக்குப் பழக்கமில்லை. படமெடுத்த சில நாளில் அந்தக் குழியில் குண்டு விழுந்தது, யாரும் பிழைக்கவில்லை என்றேன். அவள் தலையாட்டினாள். துக்கத்தைவிட, ஏதோ பாரத்தை இறக்கி வைத்தவளைப்போல.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. ஐயரைக் கேட்டு, புல்லால் உருவம் செய்து கொளுத்தி, காணாமல் போனவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்தாள். படத்துக்கு மாலை போட்டாள். பிறகு ஒருநாள், அம்மாவின் தாலியைத் துணியில் முடிந்துகொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு கியாக்தானுக்குப் பஸ் ஏறினாள். அங்கே ஆற்றின் நடுவே தீவில் பகோடா இருக்கிறது. படகில் போகும்போது, நடு ஆற்றில், முடிச்சை அவிழ்த்துத் தாலியை விட்டாள். சனங்கள் பொரி போட்டுப் பழக்கிய பெரிய கெளுத்தி மீன்கள், இதுவும் தீனி என்று நினைத்து வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்தன.

"அம்மா இனிமே காத்துக்கிட்டு இருக்க வேணாம்" என்றாள்.

நான் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். சொல்லவில்லை! ஒருத்தி சாகும்வரை கழற்றாத தாலி அது. அதை நான் மீனுக்கு எறிய வைத்தேன்.

வீடும் போயிற்று. தேடி வர ஆள் இல்லாதபோது வீடு எதற்கு? விற்றுவிட்டு, அண்டைத் தெருவில் நாத்தனார் மகனின் நான்காம் மாடிக்குக் குடிபோனாள். மலேசியாவுக்குப் போகவாவது செய்தாளா? அதுவும் இல்லை. அப்பா கிடைத்த மண்ணை விட்டுப் போக மாட்டாளாம். முட்டி வலியில் படி இறங்க முடியவில்லை. பேஜோ நின்றது. என் காலைகளும் காலியாயின. எதற்குப் பயந்து அந்தப் பொய்யைச் செய்தேனோ, அதையே அது கொண்டுவந்து சேர்த்தது.

இப்போது நான்தான் போகிறேன். கீழே நின்று, மாடியிலிருந்து தெருவரை தொங்கும் மணிக்கயிற்றை இழுப்பேன். மேலேயிருந்து அவள் எட்டிப் பார்த்து, கயிற்றின் நுனிக்கொக்கியை ஆட்டுவாள். ரொட்டியோ பழமோ மாட்டிவிடுவேன். சில நாள் மாடி ஏறுவேன். சுவரில் அவன் சிரித்துக்கொண்டிருப்பான். அவன் யார்? அவனுக்கும் ஒரு மகள் எங்கோ இருந்திருப்பாளே? அவள் அந்தப் படத்தைப் பார்க்க நேர்ந்தால், பல் வரிசையைத் தேடி, என் கறுப்புப் புள்ளியைப் பார்த்துத் தாண்டிப்போவாளே! அசல் படத்தை அழிக்காமல் கணினியில் வைத்திருக்கிறேன். என்ன பிரயோசனம்?

நான் எதற்கு ஏங்குகிறேன் தெரியுமா? மன்னிப்புக்கு அல்ல. பூ வைத்துக்கொண்டு, பூதக்கண்ணாடியோடு, 'பல்லக் காட்டுங்களேன்டா' என்று திட்டியபடி தேடினாளே, அந்த சௌந்தரம் அக்காவுக்கு. எதுவும் கிடைக்காத அந்த இரண்டு வாரங்களுக்கு. அவற்றைத் திரும்பக் கொடுத்தால் மிச்சமிருக்கும் ஆயுளை நான் தந்துவிடுவேன்.

போன வாரம் மாடி ஏறினேன். எண்பதைத் தாண்டிவிட்டாள், சில நாளாகப் படுக்கையிலேயேதான் இருக்கிறாள். என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பேசினாள்.

"முந்தியெல்லாம் சாவுன்னா எனக்கு ஒரே பயம் தம்பி. செத்தா அங்க எல்லாரையும் பாக்கலாம்பாங்க. அப்பாவ எப்படி அடையாளம் கண்டுபிடிப்பேன்? கூட்டத்துல என்னையத் தாண்டிப் போனாக்கூடத் தெரியாதேன்னு இருக்கும். இப்ப அந்தப் பயம் இல்ல. எத்தனை பேர் நின்னாலும் நேரா அவருகிட்ட போயிருவேன். உன்னாலதான்."

நான் என்ன சொன்னேன் என்கிறீர்கள்? கஞ்சி ஆறிப்போகும், குடி அக்கா என்றேன்.

செத்தவர்கள் சந்திப்பார்களா, எனக்குத் தெரியாது. என் வேதம் உண்டு என்கிறது, அவள் சாமியும் உண்டு என்கிறது. உண்டென்றால்... அவள் போவாள். கூட்டத்தில் அம்மாவைக் கண்டுகொள்வாள். அம்மாவின் பக்கத்தில் ஒரு மனிதர் நிற்பார். மகள் பிறந்ததைக்கூடப் பார்க்காதவர், இத்தனை காலம் அவளுக்காகக் காத்து நின்றவர். ஆசையோடு இரண்டு கையையும் நீட்டுவார்.

அவள் ஒதுங்கி நிற்பாள். அம்மாவிடம் கேட்பாள்: "யாரும்மா இந்த ஆளு?"