ராஜேஸ்வரி அக்காவும் மூடாத வான்கோழியும்

ராஜேஸ்வரி அக்கா இறந்துவிட்டார்.

காலையில் அவர் மகள் பிரியா போன் செய்து அழுதபோது, "அப்பாவுக்கா?" என்றுதான் முதலில் கேட்டேன். "இல்ல சித்தி... அம்மா" என்றாள்.

ஸ்ட்ரோக்காம். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அக்காவின் கணவர் சண்முகம் அண்ணனுக்கு பைபாஸ் ஆனதிலிருந்து நாங்கள் எல்லோரும் அவரைப் பற்றியே பயந்துகொண்டிருந்தோம். அக்காவுக்கு ஒன்று வரும் என்று யாருமே நினைக்கவில்லை... அக்கா உட்பட.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடையின் பில்லிங் கவுன்ட்டரில் நானும் அக்காவும் பல வருஷம் ஒன்றாக வேலை பார்த்தோம்.

தீபாவளிக் கூட்டத்தில் எங்களுக்கு நிமிர்ந்து பார்க்க நேரம் இருக்காது. அக்கா மட்டும் பில் போடுவதை நிறுத்திவிட்டு, "இந்தக் கலரு உங்களுக்கு எடுப்பா இல்ல, மாத்திட்டு வாங்க" என்று கஸ்டமரை மாடிக்குத் திருப்பி அனுப்புவார். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார்.

ஆனால் இன்று காலையிலிருந்து எனக்கு ஞாபகம் வருவதெல்லாம் ஒரு வான்கோழிதான். சிரிக்காதீர்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு அண்ணனுக்கு எண்ணெய் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அதனால் விருந்து வீடுகளில் எல்லோரும் இலையில் உட்காரும்போது, "நான் அப்பவே சாப்ட்டேன்" என்று அண்ணன் தண்ணீர் ஜக்கைத் தூக்கிக்கொண்டு பரிமாறக் கிளம்பிவிடுவார்.

அதைப் பார்க்கும்போதெல்லாம் அக்காவுக்கு முகம் சுண்டிப்போகும்.

பிரியாவுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை சிவகங்கைக்காரர். மறுவீட்டுக் கறிவிருந்தில் மாப்பிள்ளைக்குப் பக்கத்து இலையில் மாமனார் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அது அவர்கள் வீட்டு வழக்கம். அன்றைக்கும் இவர் ஜக்கோடு நிற்கக் கூடாது... அக்காவுக்கு அந்த ஒரே கவலைதான்.

அந்த நேரம் பார்த்து அக்காவின் தம்பி அமெரிக்காவிலிருந்து குடும்பத்தோடு ஊர் திரும்பினார். சாமான்களில் பெரிய டிரம் மாதிரி ஒன்று. ஒரு சொட்டு எண்ணெய் விடாமல், கேஸில், வெட்டவெளியில் வைத்து முழு வான்கோழியைப் பொரிக்கிற ஃப்ரையர்!

வான்கோழிக்குப் பஞ்சமில்லை. அக்காவே கொல்லையில் வளர்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டரிடமும் கேட்டுவிட்டார். தோலை உரித்துவிட்டு அளவாகக் கொடுக்கலாம் என்றாராம்.

ஒத்துக்கொள்ளாதது நாத்தனார் மட்டும்தான், அண்ணனுக்கு மூத்தவர். புது மாப்பிள்ளைக்கு ஆஸ்பத்திரிச் சாப்பாடு போட்டால் சம்பந்தி வீட்டில் சிரிப்பார்கள், என் தம்பிக்கு மட்டும் தனியாக ஏதாவது செய்துகொள் என்றார்.

அக்கா குரலை உயர்த்தவே இல்லை. "மாப்ளையும் அவுகளும் ஒரே கறிதேன் சாப்பிடணும் மதினி. இல்லைன்னா ரெண்டு பேருக்கும் ரசஞ்சோறுதேன்."

ஒத்திகைக்கு நானும் போனேன். அது ஒரு கூத்து...

அரைத்த மசாலாவைக் கோழிமேல் அப்பி, ஃப்ரையருக்குள் நிற்கவைத்தார். அந்த டிரம்மின் வாய் திறந்தே கிடப்பதைப் பார்க்க அக்காவுக்குப் பொறுக்கவில்லை. பிரியாணிக்குத் தம் போட்டே பழகிய கை! ஒரு தாம்பாளத்தால் மூடி, அதன்மேல் அடுப்பு நெருப்பையும் அள்ளிப் போட்டுவிட்டார்.

வெளியே கரிக்கட்டை. உள்ளே தொடையில் பச்சை ரத்தம்.

தம்பி வந்து பார்த்துவிட்டு, இதை மூடவே கூடாது, திறந்துதான் வைக்க வேண்டும் என்றார். இதை முதலிலேயே சொல்வதற்கு என்ன என்று அவருக்கு நல்ல டோஸ் விழுந்தது.

அடுத்த தடவை மசாலாவைத் தோலுக்கு அடியில் வைத்தார். மிளகும் சோம்பும் அரைத்த சாற்றைத் துணியில் வடிகட்டி, சதைக்குள் ஏற்ற மெடிக்கலில் புது சிரிஞ்சு வாங்கிவந்தார். யாருக்கு ஊசி என்று கடைக்காரர் கேட்டதற்கு, "வான்கோழிக்கு" என்று சொல்லிவிட்டு மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் வந்துவிட்டார்.

விருந்தன்று சம்பந்தி வீட்டார் எல்லோரும் கொல்லைப்பக்கம் வந்து சுற்றி நின்றுகொண்டார்கள். நாத்தனார் இரண்டு தடவை தட்டோடு வந்து, தூசி விழும், மூடு என்றார். அக்கா ஃப்ரையரை விட்டு அசையவே இல்லை. வேர்த்து விறுவிறுத்து, காவல்காரி மாதிரி நின்றார்.

கொக்கி போட்டுத் தூக்கியபோது தோல் செங்கல் நிறத்தில் இருந்தது. கத்தி வைத்ததும் சாறு வழிந்தது. நான் அப்போதுதான் மூச்சு விட்டேன்.

மாப்பிள்ளைக்கு மொறுமொறு தோலோடு. பக்கத்து இலையில் அண்ணனுக்குத் தோல் உரித்தது. ஒரே கோழி.

மாப்பிள்ளை ஒன்றும் புகழவில்லை... இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எப்படிச் செய்தீர்கள் என்று சம்பந்தியம்மா கேட்டதற்கு, "மசாலாவ தோலுக்கு அடியில வைக்கணும்" என்று பதில் சொன்னது நாத்தனார்!

அண்ணன் எலும்பைக் கடித்துச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார் அக்கா. அந்த முகத்தில் இருந்த பெருமையை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெருமையில் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு என்று நினைத்துக்கொள்கிறேன்.

பிறகு நெற்குப்பை, தேவகோட்டை என்று எந்தச் சொந்தக்காரர் வீட்டு விருந்துக்கு அண்ணன் போனாலும், அந்த டிரம்மும் ஆட்டோவில் கூடப் போகும்.

இன்று மதியம் அக்கா வீட்டுக்குப் போனேன். அண்ணன் பிளாஸ்டிக் நாற்காலியில் அழாமல் உட்கார்ந்திருந்தார். வந்திருந்த பெரியவர் ஒருவர், இனி உனக்கு யாரப்பா பத்தியம் பார்த்துச் சமைப்பார்கள் என்று கேட்டுவிட்டார்.

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார்.

"அவ எனக்குன்னு தனியாச் சமைச்சதே இல்லண்ணே. உங்க எல்லாரையும்ல எங்கூடச் சாப்பிட வச்சா."

அமைதியாக உறங்குங்கள் அக்கா. ரொம்பப் பெருமையாக இருக்கிறது.