பெரியப்பாவின் இங்கிலீசு

விடியற்காலையில் பெரியப்பா கட்டிலில் எழுந்திருந்து "வோட்டர்" என்று கேட்ட அந்தக் கணம், பாதியில் கலைந்த கனவுபோல இன்னமும் என்னோடு இருக்கிறது. எங்கள் ஊரான சரவணையில் அது சோளகக் காற்றுக் காலம். பனையோலைகளின் இரைச்சலில் பெரியம்மாவுக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்தேன். கேட்டிருந்தது, விளங்கவில்லை. "பிள்ளை, இந்த மனிசன் என்னோடை இங்கிலீசு கதைக்குது" என்றார் பயந்துபோய்.

பெரியப்பா கொழும்பில் ஒரு கப்பல் கம்பனியில் கிளாக்கராக இருந்து, எண்பத்து மூன்றுக் கலவரத்தோடு ஊருக்கு வந்து சேர்ந்தவர். பகல் முழுவதும் இங்கிலீசில் எழுதிப் பேசிய மனிதர், லீவில் வரும்போதெல்லாம் அதைச் செருப்போடு வாசலில் கழற்றிவிடுவார். பெரியம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அந்த வீட்டில் தமிழ் மட்டும்தான், அதுவும் கொஞ்சமாகத்தான். நான் அவர்களோடு தங்கி ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீசு படிப்பித்துக்கொண்டிருந்தேன்.

பாரிசவாதம் என்றார் ஊர்காவற்றுறையிலிருந்து வந்த டொக்டர். வலக்கையோடு தமிழும் போய்விட்டது, பிறகு படித்த இங்கிலீசு தப்பி நின்றுவிட்டது; தமிழ் திரும்பியும் வரலாம் என்றார். நாங்கள் பேசியது பெரியப்பாவுக்கு விளங்கியது. பதில்தான் இங்கிலீசில் வந்தது. கஞ்சி, தலையணை, யன்னல் என்று அவர் கேட்பதையெல்லாம் நான் தமிழில் சொல்வேன்.

ஒரு பின்னேரம், முழுகிவிட்டுத் தலை துவட்டிக்கொண்டு நின்ற பெரியம்மாவைப் பார்த்து, "கம், சிற் ஹியர், மை டியர்" என்றார்.

"என்னவாம்?"

"பக்கத்திலை வந்து இருக்கச் சொல்லுறார்."

"கடைசியா இன்னொரு சொல்லும் சொன்னவரே?"

நான் தயங்கினேன். கலியாணம் முடித்த நாள் தொடக்கம் அவர் மனைவியைக் கூப்பிட்டது, இங்கே பார் என்பதுபோல, "இஞ்சை" என்றுதான். "என்ரை அன்பே எண்டமாதிரி" என்றேன், சுவரைப் பார்த்தபடி. பெரியம்மா துவாயை முகத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

அதன்பிறகு அவர் என்னிடம் விளக்கம் கேட்கவில்லை. வானத்தில் ஆமி ஹெலிகொப்டர் சுற்றிய நாட்களிலும், பின்னேரமானால் முகம் கழுவிப் பவுடர் போட்டு, யன்னலால் வரும் கடற்காற்றில் அந்தக் கட்டிலடியில் இருப்பார். ஊர் எங்கேயோ தூரத்தில் இருப்பதுபோலத் தோன்றும்.

இப்போது நான் இருக்கும் லண்டனில் பஸ் சாரதிகூட என்னை டியர் என்கிறார். யாரும் அதைக் கவனிப்பதில்லை.

ஒருநாள் காலை பெரியப்பா, "தேத்தண்ணி கொஞ்சம் தாரும்" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வார்த்தை வார்த்தையாகத் தமிழ் திரும்பியது. இங்கிலீசு அவர் வாயில் பிறகு வரவேயில்லை.

அன்று நான் குசினிக்குப் போனபோது பெரியம்மா அடுப்படியில் நின்றார். கண்ணெல்லாம் சந்தோசம்தான். ஆனாலும் மெல்லக் கேட்டார்: "இனி அந்தச் சொல்லுச் சொல்லமாட்டாரோ, பிள்ளை?"

"ஒருக்கால் கேட்டுப்பாருங்கோவன், பெரியம்மா."

"கேட்டு வாங்கிற சொல்லே அது?" என்றார்.

தேத்தண்ணியை ஆற்றி எடுத்துக்கொண்டு போனார். பெரியப்பா கூப்பிடாமலே, பக்கத்தில் போய் இருந்தார்.