பழைய லாரிக்கு ஜெனரேட்டர் பில்டர்

1. போனில் வந்த சத்தம்

"இதக் கொஞ்சம் கேளுங்கக்கா" என்று கருப்பசாமி போனைக் கவுண்டர் மேல் வைத்தார்.

காலையில் அவர் லாரியை ஸ்டார்ட் செய்தபோது எடுத்த வீடியோ. எஞ்சின் பிடித்ததும் இரும்போடு இரும்பு மோதுகிற மாதிரி கடகடவென்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் அது தானாக அடங்கி, எஞ்சின் நிதானமாக ஓடத் தொடங்கியது.

சிவகாசியில் ஒரு லாரி உதிரிபாகக் கடையில் கவுண்டர் பார்க்கிறேன். பெயர் ஜெயக்கொடி. பில் போடத்தான் சேர்ந்தேன். போகப் போகச் சாமான்கள் பழகி, இப்போது கடையின் பில்டர் பக்கம் முழுக்க என் பொறுப்பு. புதிதாகக் கவுண்டருக்கு வருகிறவர்கள் "ஆயில் பில்டர்ல அப்படி என்னக்கா இருக்கு? மரை சரியா இருந்தா மாட்ட வேண்டியதுதான" என்று கேட்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கருப்பசாமியும் அவர் மனைவி முத்துமாரியும் விஸ்வநத்தத்தில் பட்டாசு வேலை பார்த்தவர்கள். இருவரும் சேர்ந்து ஒரு பழைய லாரி வாங்கியிருந்தார்கள். அந்தத் தீபாவளி சீசனுக்கு எம். புதுப்பட்டியில் ஒரு வெடிக் கம்பெனி தன் கோயம்புத்தூர் லோடு முழுவதையும் அவர்களுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தது. மறுநாள் காலை முதல் லோடு ஏற்ற வேண்டும். இந்த நேரத்தில்தான் இந்தச் சத்தம்.

"தங்கராசு அண்ணன்ட்ட வீடியோ அனுப்பினேன். பேரிங் போச்சு, எஞ்சின இறக்கணும்னு சொல்லிட்டாரு. பேரிங் செட் வெல கேட்டுட்டு வரச் சொன்னாரு" என்றார் கருப்பசாமி. தங்கராசு நாரணாபுரம் ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக். கை சுத்தமான வேலைக்காரர்.

பின்னால் நின்றிருந்த முத்துமாரி முன்னால் வந்தார். "எஞ்சின இறக்கினா சீசன் முடிஞ்சுதான்க்கா ஏத்த முடியும். அதுக்குள்ள கம்பெனில வேற வண்டி பேசிருவாக. நாங்க திரும்ப வெடி மருந்து அறைக்குத்தான் போகணும்."

பேரிங் செட்டை எடுத்துக் கொடுத்திருந்தால் என் வேலை முடிந்திருக்கும். ஆனால் அந்த வீடியோவில் ஒன்று இடறியது. பேரிங் தேய்ந்த எஞ்சின், சூடேறச் சூடேறத்தான் அதிகமாகத் தட்டும். இது சூடாகும் முன்னாலேயே அடங்கிவிட்டது.

"இந்தச் சத்தம் எப்ப இருந்து வருது?"

"போன ட்ரிப்ல இருந்துதான். வழியில ஒரு கடைல ஆயிலும் பில்டரும் மாத்தினோம். மறுநாள் காலைல இருந்து இப்படி."

"பகல்ல ஆப் பண்ணிட்டு உடனே ஸ்டார்ட் பண்ணா?"

"வராது. நைட்டு பூரா நின்னா மட்டும்தான் வருது."

"அங்க எந்த பில்டர் போட்டாங்க?"

"வண்டி மாடலச் சொன்னேன். அவுக புக்கப் பாத்துட்டு, கரெக்டா உள்ளதத்தான் குடுத்தாக."

நானும் எங்கள் கேட்டலாக் புக்கைப் பார்த்தேன். அவர் சொன்ன மாடலுக்கு அதே நம்பர்தான் இருந்தது. கடைக்காரர் மேல் தப்பில்லை. அப்படியானால் தப்பு வண்டியில்தான் இருக்க வேண்டும்.

"வாங்க, வண்டியப் பாத்துருவோம்" என்றேன். கடை முதலாளி அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டு, கேட்டலாக்கைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

2. வண்டி ஒன்று, எஞ்சின் வேறு

லாரி தங்கராசு பட்டறையில் நின்றது. என்னைப் பார்த்ததும் அவர், "என்னம்மா, பேரிங்க நீயே கொண்டு வந்துட்டியா?" என்றார்.

"இல்லண்ணே. இறக்குறதுக்கு முன்னால ஒரு தடவ ஆயில் பிரஷர் பாத்துருவோமா? வண்டி சூடா இருக்கும்போது."

அவர் பட்டறையில் அன்றைக்கு நிற்க இடமில்லாத அளவுக்கு வண்டிகள். வேறு ஆளாக இருந்தால் போம்மா என்றிருப்பார். தங்கராசு யோசித்தார். "நான் வீடியோதான பாத்தேன். சரி, மாட்டிப் பாப்போம்" என்று கேஜை எடுத்து வந்தார்.

எஞ்சின் சூடான பிறகு ஐடிலில் விட்டுப் பார்த்தோம். முள் நல்ல பிரஷரில் ஆடாமல் நின்றது. தங்கராசு கேஜைத் தட்டிப் பார்த்தார். ரேஸ் கொடுத்துப் பார்த்தார். மறுபடி ஐடிலுக்கு விட்டார். முள் அதே இடத்துக்குத் திரும்பியது.

"பேரிங் போயிருந்தா சூட்டுல முள்ளு கீழ விழுந்துருக்கணும்" என்றார், பாதி தனக்குள். "இது நிக்குதே."

நான் லாரிக்கு அடியில் எட்டிப் பார்த்தேன். கருப்பசாமி சொன்ன மாடலில் பில்டர் வாய் மேலே பார்க்க நேராகத் தொங்கும். இந்த வண்டியில் அது படுக்கைவாட்டில், எஞ்சினின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணே, இது இந்த வண்டியோட எஞ்சின் இல்லண்ணே."

தங்கராசு டீசலில் துணியை நனைத்து, எஞ்சின் பிளாக்கில் அப்பியிருந்த அழுக்கைத் தேய்த்தார். எஞ்சின் நம்பர் தெரிந்தது. பழைய ஓனர் எப்போதோ வேறு எஞ்சினை வாங்கி இதில் ஏற்றியிருக்கிறார். விற்கும்போது அவர் சொல்லவில்லை. கருப்பசாமிக்குக் கேட்கவும் தெரியவில்லை.

அங்கேயே விஷயம் பிடிபட்டது. தொங்கும் பில்டரில், எஞ்சினை நிறுத்தினாலும் ஆயில் கிண்ணத்துத் தண்ணீர் மாதிரி உள்ளேயே நிற்கும். படுத்திருக்கும் பில்டரில் அது வழிந்து எஞ்சின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்ப்புக்கு இறங்கிவிடும். அதைத் தடுக்கத்தான் அந்த மாதிரி பில்டருக்குள், ஓட்டைகளை மூடியபடி ஒரு ரப்பர் இருக்கும். ஆயிலை உள்ளே விடும், திரும்ப விடாது. கருப்பசாமி வண்டியில் மாட்டியிருந்தது தொங்கும் வகை. அந்த நம்பரில் ரப்பர் கிடையாது. ராத்திரி முழுக்க ஆயில் இறங்கி, காலையில் பில்டர் காலியாக இருக்கும். அது நிரம்பி பேரிங்குக்கு ஆயில் போய்ச் சேரும்வரை எஞ்சின் காய்ந்து தட்டியிருக்கிறது.

மரை ஒன்றுதான். வாஷர் அளவும் ஒன்றுதான். உயரமும் கிட்டத்தட்ட அதேதான். கையில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

"அப்ப பேரிங் நல்லாருக்கா?" என்று முத்துமாரி கேட்டார்.

தங்கராசு கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "இருக்குதுனுதான் கேஜு சொல்லுது தாயி. ஆனா இதே பில்டரோட சீசன் பூரா ஓட்டினீகன்னா நான் சொன்னது நெசமாயிரும்."

3. பில்டர் கிடைத்த இடம்

எஞ்சின் நம்பரை வைத்து கேட்டலாக்கில் சரியான பில்டர் நம்பரைப் பிடித்தேன். எங்கள் கடையில் அது இல்லை. விருதுநகரில் கேட்டேன், இல்லை. மதுரை டீலர், "ஆர்டர் போட்டா வரும்மா. பழைய எஞ்சினு, யாரும் ஸ்டாக் வைக்கிறதில்ல" என்றார்.

எங்கள் கடையில் இருந்த வேறொரு பில்டரில் ரப்பர் இருந்தது. தங்கராசு அதை மாட்டலாமா என்று கேட்டார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ரப்பர் மட்டும் இருந்தால் போதாது. ஆயில் கெட்டியாக இருக்கும்போதோ பில்டர் அடைத்துக்கொள்ளும்போதோ, உள்ளே இருக்கும் பைபாஸ் வால்வு திறந்து ஆயிலை நேராக விட வேண்டும். அது எந்த பிரஷரில் திறக்கும் என்பது வெளியே பார்த்தால் தெரியாது. நம்பர் மட்டும்தான் சொல்லும்.

பட்டறையில் உட்கார்ந்து கேட்டலாக்கை மறுபடி விரித்தேன். அந்த எஞ்சினுக்கு எதிரே லாரி மாடல்களுக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. அதே எஞ்சினை ஜெனரேட்டருக்கும் போடுகிறார்கள்.

சிவகாசியில் ஜெனரேட்டருக்கா பஞ்சம். காலண்டர் அடிக்கும் பிரஸ் ஒன்றில் ஜெனரேட்டர் பார்க்கும் ராமரை எனக்குத் தெரியும். எங்கள் கடைக்கு பெல்ட் வாங்க வருவார். போன் போட்டு, ஒரு லாரிக்கு அந்த நம்பர் பில்டர் வேண்டும் என்றேன்.

"அந்த நம்பரா? ரெண்டு ஸ்பேர் வச்சிருக்கேன். அங்கன லாரிக்கு எதுக்குக்கா ஜெனரேட்டர் பில்டரு?"

"எஞ்சின் ஒண்ணுதான் தம்பி. உங்களுக்கு ஆர்டர் போட்டு வாங்கித் தந்துர்றேன். இப்ப ஒண்ணு குடுங்க."

போய்ப் பார்த்தேன். அவர்கள் ஜெனரேட்டரிலும் பில்டர் படுக்கைவாட்டில்தான் இருந்தது. டப்பாவில் இருந்த நம்பரும் பில்டர் மேல் அடித்திருந்த நம்பரும் ஒன்று. ஓட்டை வழியாகச் சுத்தமான குச்சியால் லேசாக அழுத்தினேன். ரப்பர் உள்ளே அமுங்கித் திரும்ப எழுந்தது. எனக்கு அங்கேயே ஒரு சத்தம் போட்டுச் சிரிக்கலாம் போலிருந்தது. பிரஸ் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

தங்கராசு பழைய பில்டரைக் கழற்றியதும், அதன் வாஷர் எஞ்சின் பக்கம் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். அப்படி நின்று, அதன் மேல் புதிது உட்கார்ந்தால் ஆயில் பீய்ச்சியடிக்கும். பிறகு புது வாஷரில் ஆயில் தடவிக் கையாலேயே இறுக்கினார்.

"இப்ப ஓட்டிப் பாத்து பிரயோசனமில்ல. நைட்டு நின்னு காலைல என்ன சொல்லுதோ அதான்" என்றார்.

4. கம்பெனி வாசலில்

லாரியை அன்றே எம். புதுப்பட்டிக்குக் கொண்டுபோய்க் கம்பெனி கேட்டுக்கு வெளியே நிறுத்தினார்கள். எஞ்சின் கம்ப்ளைன்ட் என்ற செய்தி மேனேஜருக்கு ஏற்கெனவே போயிருந்தது.

மறுநாள் காலை நானும் தங்கராசுவும் போனபோது அவர் கேட்டில் நின்றிருந்தார்.

"நான் கெட்டவன் இல்லம்மா" என்றார் என்னிடம். "வேற சரக்குனா பரவால்ல. வெடி லோடோட பாதி வழில எஞ்சின் ஜாம் ஆகி நின்னா யாரு பதில் சொல்றது? என் முன்னால ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. சத்தம் வந்துச்சுனா வேற வண்டிய வரச் சொல்லிருவேன்."

அவர் கேட்டது நியாயம். நான் தலையாட்டினேன்.

கருப்பசாமி ஏறி உட்கார்ந்தார். முத்துமாரி முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்று, கையை பம்பர் மேல் வைத்திருந்தார். தங்கராசு பானெட்டுக்கு அருகே காதைக் கொண்டுபோனார். சாவி திரும்பியது.

செல்ப் சுற்றியது. எஞ்சின் பிடித்தது. ஆயில் லைட் கண் சிமிட்டுவது போல ஒரு தடவை மின்னி அணைந்தது. ஒரு தட்டல் இல்லை. பழைய டீசல் எஞ்சினின் சாதாரணச் சத்தம் மட்டும், முதல் விநாடியிலிருந்தே.

மேனேஜர் இன்னும் கிட்டே வந்து நின்று கேட்டார். பிறகு தங்கராசுவைப் பார்த்தார். "எஞ்சின் இறக்கணும்னு சொன்னது நீங்கதான?"

"நாந்தான் சொன்னேன்" என்றார் தங்கராசு, பல் தெரியச் சிரித்துக்கொண்டு. "இப்ப சொல்றேன், கோயம்புத்தூர் என்ன, காசிக்கே போகலாம்."

மேனேஜர் கேட்டைத் திறக்கச் சொன்னார். "எஞ்சின ஆப் பண்ணி ஆற விடுங்க. சைலன்சர்ல தீப்பொறி தடுக்குற மூடி இருக்கானு பாத்துட்டு, குடோன் பக்கம் கொண்டு வாங்க. லோடு ஏத்திருவோம்."

முத்துமாரி பம்பரிலிருந்து கையை எடுக்கவேயில்லை. கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார். "எக்கா, காப்பி குடிச்சுட்டுத்தான் போகணும் நீங்க" என்று மறு கையால் என் கையைப் பிடித்தார். நான் விற்ற பொருள் ஒன்று கூட இல்லாமல், பிரஸ்ஸில் இருந்து நான் வாங்கி வந்த ஒரு டப்பாவுக்காக அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை.

அந்த சீசன் முழுக்க அந்த லாரி ஓடியது. ஒரு லோடு கூட வேறு வண்டிக்குப் போகவில்லை. தீபாவளி முடிந்து வண்டி ஓய்வானதும் தங்கராசு, "எனக்கே ஆசையா இருக்கு, பாத்துரணும்" என்று சம்ப்பை இறக்கி ஒரு பேரிங்கைக் கழற்றிப் பார்த்தார். என்னையும் கூப்பிட்டிருந்தார். பேரிங்கை உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். வழவழவென்று இருந்தது. அதையே திரும்ப மாட்டினார்.

இப்போது எங்கள் கடையில் யார் வந்து பழைய வண்டிக்கு ஆயில் பில்டர் கேட்டாலும், மாடலைச் சொன்னதும் எடுத்துக் கொடுப்பதில்லை. எஞ்சின் நம்பரை போட்டோ எடுத்து வரச் சொல்கிறோம். பில்டர் தொங்குகிறதா, படுத்திருக்கிறதா என்று கேட்கிறோம். "ஒரு பில்டருக்கு இம்புட்டு விசாரணையா?" என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். சலிக்கட்டும். பழைய லாரி பல கை மாறி வந்திருக்கும், உள்ளே எது மாறியது என்று அதன் பெயர் சொல்லாது. பில்டர் மாட்டுவது எஞ்சினுக்கு. கேள்வியையும் எஞ்சினிடம்தான் கேட்க வேண்டும்.