பிரஷர் இறங்கிய பெஞ்சு

ராணுவத்தில் லாரி ஓட்டிய காலத்தில் அவருக்குக் கூட இருந்தவர்கள் வைத்த பெயர் ரிவர்ஸ். மலைப்பாதையில் எதிரே வண்டி வந்துவிட்டால் மற்ற டிரைவர்கள் இறங்கி வாய்ச்சண்டை போடுவார்கள். இவர் மட்டும் ஒரு வார்த்தை பேசாமல் எண்ணெய் லாரியை அடுத்த வளைவு வரைக்கும் பின்னாலேயே கொண்டுபோய் வழிவிடுவார். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் அதலபாதாளம். பிரஷர் வராமல் என்ன செய்யும்?

அது ராணுவத்தில் வந்த பிரஷர்தான் என்பதைப் பென்ஷன் ஆபீஸே ஒப்புக்கொண்டுவிட்டது. ஆனால் டிசபிலிட்டி பென்ஷன் கொடுக்கிற அளவுக்கு அது ஏறவில்லையாம். மாத்திரைக்கு அடங்குகிற சாதுவான பிரஷர் என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். எழுதியவர் ஒரு நாள் இவரோடு வந்து தங்கிப் பார்த்திருக்க வேண்டும்.

மனைவி போன பிறகு மாடியில் ஒரே அறை. கட்டில், டிவி, அலமாரி நிறைய மாத்திரை. காலையில் எழுந்ததும் தொண்டையைச் செருமிக்கொள்வார், குரல் இன்னும் இருக்கிறதா என்று. கீழே இருக்கிற கிளினிக்கில் எப்போது பார்த்தாலும் பிரஷர் எகிறித்தான் இருக்கும். இப்போது அது சிறுநீரகத்திலும் கை வைத்துவிட்டது. பென்ஷன் கிடைத்தால் ராணுவ ஆஸ்பத்திரியில் அதற்கும் சேர்த்து வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம். அதுவரைக்கும் வேறு ஊரில் இருக்கிற மகன்தான் செலவு செய்கிறான். கழுத்தளவு கடனிலும் அவன் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அதுதான் இவருக்குத் தாங்க முடியவில்லை.

அதனால் அப்பீல் போட்டார். மெடிக்கல் போர்டு மாதம் ஒரு நாள் கூடும். வந்தவர்கள் காத்திருக்க ஹாலில் ஒரு நீளப் பெஞ்சு. பழக்க தோஷம், எங்கே உட்காருவதானாலும் இடமும் வலமும் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். அன்றைக்கும் பார்த்துக்கொண்டிருந்தபோது பெஞ்சின் கடைசியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"உக்கார்றதுக்குக்கூட ரெண்டு பக்கமும் பாத்து ரிவர்ஸ் எடுக்கிறான் பாரு. டேய், நீயாடா?"

முகாம் சமையல்காரர். இவருக்குப் பிரஷர் என்று முதன்முதலில் தெரிந்தபோது, யாரும் சொல்லாமலே உப்பில்லாமல் ஒரு பங்கு தனியாக எடுத்து வைத்து, "மாப்பிள்ளைக்கு ஸ்பெஷல்" என்று எல்லோர் எதிரிலும் மானத்தை வாங்கியவர். இப்போது அவருக்கும் பிரஷர், அது கண்ணில் இறங்கியிருந்தது. முகமெல்லாம் மங்கல்தான், உட்கார்ந்த விதத்தை வைத்தே ஆளைப் பிடித்துவிட்டார்.

அப்புறம் கேட்கவேண்டுமா. எந்த வண்டி எந்த வளைவில் சிக்கியது, எந்த அதிகாரி தொப்பியைத் தேடிக் கிணறு வரை போனார் என்று பழைய கதையெல்லாம் வெளியே வந்தது. பக்கத்தில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். சிரிப்புச் சத்தம் தாங்காமல் பியூன் வந்து அதட்டிவிட்டுப் போனார். மனைவி போனபிறகு இவர் வயிறு வலிக்கச் சிரித்தது அன்றைக்குத்தான். அந்த வயிறு குலுங்கல் அடங்குவதற்குள் உள்ளே கூப்பிட்டார்கள்.

மூன்று தடவை பார்த்தார்கள். மூன்று தடவையும் பச்சைக் குழந்தைக்கு இருக்கிற மாதிரி பிரஷர்.

"உங்களுக்கென்ன, ஜம்முனு இருக்கீங்க" என்றார் டாக்டர்.

அப்பீல் படுத்துவிட்டது. வெளியே வந்தால் சமையல்காரரும் இல்லை, வேறு அறைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பேசிய பேச்சில் இரண்டு பேருக்கும் போன் நம்பர் வாங்கத் தோன்றவில்லை.

இருந்தாலும் அன்றைக்கு மகனிடம் போனில் பேசியபோது இவருக்கு வாய் ஓயவில்லை. அப்பா இவ்வளவு பேசி அவன் கேட்டதே இல்லை. கடைசியில் மெதுவாகச் சொன்னான்.

"அப்பா, சிரிச்சுப் பேசினீங்கல்ல, அதான் பிரஷர் இறங்கிடுச்சு. இன்னும் ஒரே ஒரு அப்பீல்தான் இருக்கு. அடுத்த தடவை யார்கிட்டயும் பேசாதீங்க. தனியா உக்காருங்க. வீட்ல எப்படி இருப்பீங்களோ, அப்படியே."

"சரிப்பா" என்றார்.

ஒரு வருஷம் கழித்துக் கடைசி அப்பீலுக்குத் தேதி வந்தது. தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு போய், இடமும் பார்க்காமல் வலமும் பார்க்காமல் பெஞ்சின் ஓரத்தில் பொத்தென்று உட்கார்ந்தார், சுவரைப் பார்த்து. கொஞ்ச நேரத்தில் தரையில் தட்டுகிற கம்புச் சத்தம் கேட்டது. யாரென்று திரும்பாமலே தெரிந்துவிட்டது.

சமையல்காரர் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். பக்கத்தில் வந்து குனிந்தார்.

"நீங்க... ரிவர்ஸா?"

இவருக்கு மகன் நினைவுக்கு வந்தான்.

"இல்லீங்க" என்றார், அடித்தொண்டையில்.

"மன்னிச்சுக்குங்க. கண்ணு சரியில்ல."

கம்புச் சத்தம் நகர்ந்தது. அதற்குப் பிறகு இவர் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் சுவர் தெரியவில்லை.

உள்ளே டாக்டர் மெஷினைப் பார்த்துவிட்டு இவரைப் பார்த்தார். படுக்க வைத்துத் திரும்பப் பார்த்தார். மூன்றாவது தடவை பார்த்ததும் எழுத ஆரம்பித்தார்.

"இந்தத் தடவை யாரும் மறுக்க முடியாது. இவ்வளவு ஏறியிருக்கே, ஏதாவது கவலையா?"

"வீட்லயும் இப்படித்தாங்க இருக்கும்."

ஜெயித்தாயிற்று. இனி மகனுடைய கையை எதிர்பார்க்க வேண்டாம். ஹாலுக்கு வந்தபோது எல்லோரும் போயிருந்தார்கள். பியூன் ஒரு டிபன் பாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"சார், ரிவர்ஸ்னு யாரையாவது தெரியுமா? லாரி டிரைவராம்."

இவர் டிபன் பாக்ஸைப் பார்த்தார்.

"கம்பு ஊனிட்டு வருவாரே ஒரு பெரியவர், அவர் குடுத்தது. அவரோட கேஸ் போன வருஷமே முடிஞ்சுபோச்சு. ஆனா போர்டு கூடுற நாளெல்லாம் ரெண்டு பஸ் மாறி வந்து உக்காந்துட்டுப் போவார். யாரோ சினேகிதனாம். பேர் சொல்லுங்க, தேதி பாத்துச் சொல்றேன்னா, ரிவர்ஸ்தான் தெரியும்கிறார். என்ன பண்றது? இன்னியோட சரி, இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டு இனிமே முடியாதுன்னுட்டார். ஒருவேளை அவன் வந்தா குடுங்க, உப்பு போடலைன்னு சொல்லுங்கன்னார்."

"எந்தப் பக்கம் போனார்?"

"அப்பவே பஸ் ஏறியிருப்பாரே. எந்த ஊர்னுகூட நான் கேட்டு வெச்சுக்கல."

இவர் கையை நீட்டினார்.

"நான்தான்."

பியூன் ஒரு கணம் முழித்தார்.

"காலையில உங்ககிட்டயும்தானே சார் வந்து கேட்டார்?"

இவர் பாக்ஸை வாங்கிக்கொண்டார். அடியில் இன்னும் சூடு இருந்தது. பெஞ்சுக்கு வந்து, இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். யாரும் இல்லை. மெதுவாக உட்கார்ந்தார்.