ஆளுக்கொரு ஸ்பீக்கர்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இட்லியைப் பிட்டு வாயில் வைக்கப் போகிறேன்... வாசலில் எதிர்வீட்டு தேவராஜ், தலையில் ஒரு மரப்பெட்டியோடு!

"சார், இத்த நீங்கதான் ரிப்பேர் பண்ணித் தரணும்."

நான் எழுதிப் பிழைப்பவன். எனக்கும் ரிப்பேருக்கும் என்ன சம்பந்தம்?

"இன்னா சார் இப்பிடி சொல்றீங்கோ! ரேடியோவ ரிப்பேர் பண்ணத நீங்களே பத்திரிகைல எய்தினீங்களே!"

எழுதினேன்தான். பாட மறுத்த ரேடியோவின் மண்டையில் ஓங்கித் தட்டினேன், பாடிற்று என்று எழுதினேன். நீங்கள் எல்லாம் என் பத்தியை எப்படித்தான் படிக்கிறீர்களோ என்று அன்றிலிருந்து கவலையாக இருக்கிறது.

முதலில் பெட்டியின் கதை. கும்மிடிப்பூண்டியில் எங்கள் தெருவில் மாணிக்கம், தேவராஜ் என்று அண்ணன் தம்பி. புதிதாக வந்திருக்கும் தொழிற்பேட்டையில் இருவருக்கும் வேலை. கப்பலில் இருந்த சித்தப்பா ஒருவர் சிங்கப்பூரிலிருந்து ஒரு ஸ்டீரியோ கொண்டுவந்து கொடுத்தார். ஒரு ரெக்கார்டு பிளேயர், இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள். தெருவே வாயைப் பிளந்துகொண்டு கேட்டது.

அப்புறம் பாகப்பிரிவினை. காரணம் கேட்காதீர்கள், அவர்களுக்கே மறந்துவிட்டது. ஹாலின் நடுவே ஒரு சுவர் எழும்பியது. வீடு கட்டுகிறவன் சிமெண்ட் பர்மிட்டுக்கு நாயாக அலைகிறான் — அந்தச் சுவருக்கு மட்டும் எப்படியோ கிடைத்துவிட்டது.

அண்டா, குண்டா, பெஞ்சு எல்லாவற்றையும் பங்கு போட்ட பெரிய மனிதர்கள் கடைசியில் ஸ்டீரியோவிடம் வந்தார்கள். பெட்டி இரண்டு. பிள்ளைகள் இரண்டு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆளுக்கொன்று! பிளேயர் அண்ணனுக்கு, அதற்கு ஈடாக மின்விசிறி தம்பிக்கு. சுவரில் ஓட்டை போட்டு தம்பியின் பெட்டிக்கு ஒயர் இழுத்தார்கள்.

சில ஸ்டீரியோ ரெக்கார்டுகளில் பாடுகிறவரின் குரல் ஒரு பெட்டியில் வரும், வாத்தியங்கள் மற்றதில் வரும். ஆக, அண்ணன் வீட்டில் வெறும் தபேலா. தம்பி வீட்டில் பக்கவாத்தியமே இல்லாமல் யாரோ உருகிக்கொண்டிருப்பார். முழுப் பாட்டும் கேட்க வேண்டுமானால் தெருவில்தான் நிற்க வேண்டும். நாங்கள் நின்றோம்.

எந்தப் பாட்டு என்பது அண்ணன் இஷ்டம். நைட் ஷிப்ட் முடிந்து வந்து படுத்த தேவராஜின் காதில் ஒரு நாள் காலை ஒரே பாட்டு திரும்பத் திரும்ப விழுந்தது. நிறுத்தலாமென்றால் ஸ்விட்ச் அண்ணன் பக்கம். குடையை எடுத்தார், பெட்டியில் ஒரே குத்து! முன்பக்கத் துணி கிழிந்தது. உள்ளே இருந்த காகிதக் கூம்பும் கிழிந்தது. அன்றிலிருந்து பாடுகிறவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. கேட்டால், "என் பொட்டி, நான் குத்துவேன்" என்றார் தேவராஜ்.

அப்படிப்பட்டவருக்கு இப்போது என்ன அவசரம்?

அவசரம் தங்கை சரோஜாவுக்கு. ஒரு மாதம் பெரிய அண்ணன் வீட்டில் சாப்பாடு, ஒரு மாதம் சின்ன அண்ணன் வீட்டில் என்று இருந்த பெண். ஊத்துக்கோட்டையிலிருந்து நல்ல வரன் வந்திருந்தது. பையனை அவளுக்கு ரொம்பவே பிடித்துவிட்டது. ஆனால் சுவர் விஷயத்தையும் ஆளுக்கொரு பெட்டி விஷயத்தையும் யாரோ புண்ணியவான் பையனின் அப்பா காதில் போட்டிருக்கிறான். 'சண்டை போட்டுக்கொள்ளும் வீட்டில் பெண் எடுக்க மாட்டேன்' என்று அவர் சொல்லி அனுப்பிவிட்டார். அதெல்லாம் வீண் வதந்தி, நேரில் வந்து பாருங்கள் என்று இவர்கள் பதில் சொல்லியிருந்தார்கள். அடுத்த ஞாயிறு தட்டு மாற்ற வருகிறார்கள். அதற்குள் இரண்டு பெட்டிகளும் ஒரே ஹாலில் உட்கார்ந்து ஒழுங்காகப் பாடியாக வேண்டும்.

மறுநாள் ஸ்பீக்கரை மட்டும் கழற்றி மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு மெட்ராஸுக்கு ரயில் ஏறினேன். மூர் மார்க்கெட்டில் ஒரு கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிங்கப்பூர் சாமானுக்கு இங்கே கூம்பு கிடைக்காது, ஜோடியாக வேறு வாங்கிக்கொள் என்றார். அவர் சொன்ன விலைக்கு இன்னொரு சுவரே கட்டலாம். என் முகம் போன போக்கைப் பார்த்து, இலவசமாக ஒரு யோசனை சொன்னார்.

"காத்தாடி பேப்பர் கீதில்ல? அத்த மைதா பசைல மெல்லிசா ஒட்டிப் பாரு. கடசீல டார்ச் பேட்டரி ஒண்ணு வச்சி..." பேட்டரியை வைத்து என்ன செய்ய வேண்டும் என்று அவர் விளக்கும்போது எனக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. பாதிதான் காதில் வாங்கினேன்.

சரி, ஒட்டுவது யார்? எனக்குத் தபால் உறையே ஒழுங்காக ஒட்ட வராது. தேவராஜின் கை இரும்பு தூக்கிப் பழகிய கை, தொட்டதும் இன்னொரு கிழிசல். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாணிக்கம் யோசனை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"குடுங்க சார் இப்பிடி" என்று சரோஜா வாங்கிக்கொண்டாள்.

பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்து பசை காய்ச்சினாள். சிவப்புக் காத்தாடிப் பேப்பரைத் துண்டு துண்டாகக் கிழித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டினாள். வெயிலில் வைக்காமல் நிழலில் உலர்த்தினாள். அவள் வாழ்க்கையே அந்தக் கூம்பில் இருப்பதைப் போலப் பார்த்துப் பார்த்துச் செய்தாள். இருந்ததும் அப்படித்தானே? மாட்டிப் பார்த்தோம். தொண்டைக்கட்டு போயே போய்விட்டது!

சனிக்கிழமை இரண்டு பெட்டிகளையும் அண்ணன் பக்கத்து ஹாலில் சேர்த்து வைத்தோம். தபேலா இரண்டு பெட்டியிலும் வருகிற ரெக்கார்டு ஒன்றைப் போட்டால்... சப்பென்று இருந்தது. தபேலாவைக் காணவில்லை. தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் பிரமாதம். சேர்த்து வைத்தால் உயிரே இல்லை.

"ஒன் ஓட்டப் பொட்டிதான் காரணம்!"

"ஒன் பிளேயருதான் பேஜாரு!"

அப்போதுதான் டார்ச் பேட்டரி ஞாபகம் வந்தது. பேட்டரியை ஒயர் முனைகளில் தொட்டேன். அண்ணனின் கூம்பு முன்னால் தள்ளியது. அதே மாதிரி தம்பியுடையதில் தொட்டேன். அது பின்னால் இழுத்துக்கொண்டது! சுவர் வழியாக ஒயர் இழுத்த நாளில் முனைகளை மாற்றி முடிச்சுப் போட்டுவிட்டார்கள். ஒன்று தள்ள, ஒன்று இழுக்க, நடுவில் தபேலா காலி. தனிக்குடித்தனத்தில் இது யாருக்கும் தெரியவில்லை. முனைகளை மாற்றிப் போட்டேன், தபேலா கணீரென்று வந்தது.

இதைப் பார்த்து அண்ணன் தம்பி மனம் திருந்தினார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால், ஒயரை மாற்றி முடிச்சுப் போட்டது யார் என்று அங்கேயே அடுத்த சண்டை ஆரம்பமாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை. நடுச்சுவர் தெரியாதபடி முழுக்க சாமி காலண்டர்கள். ஊத்துக்கோட்டைக்காரர்கள் வந்தார்கள், உட்கார்ந்தார்கள், பாட்டு ஓடியது. பையனின் அப்பா கண்ணை மூடித் தலையை ஆட்டினார். முகத்தில் பரம திருப்தி. தாம்பூலத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தவர், மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்டார்.

"ரொம்ப நல்லா பாடுது நைனா. யாருது இது?"

"என்னுது!"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். ஒருவரை ஒருவர் முறைத்தும் கொண்டார்கள். தட்டு அந்தரத்தில் நின்றது. பையனின் அப்பா காலண்டர்களைப் பார்த்தார். அவற்றுக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தார். இந்த முட்டாள்களால் அந்தப் பெண்ணின் கல்யாணம் நின்றுவிடுமோ?

காபித் தட்டோடு கதவோரம் நின்றிருந்த சரோஜா ஓர் அடி முன்னால் வந்தாள்.

"என்னுதுங்க."

கல்யாணப் பெண் சபையில் வாயைத் திறக்கலாமா? பெண்கள் பக்கம் சலசலப்பு. அவள் அசரவில்லை.

"ரெண்டு பொட்டியும் என்னுதுதாங்க. அண்ணனுங்க ஆளுக்கு ஒண்ணா எனக்கோசரம் பத்ரமா பாத்துக்கினாங்க. அதான் ரெண்டு பேரும் என்னுதுன்றாங்க."

பையனின் அப்பா ஒரு கணம் அவளையே பார்த்தார். பிறகு கடகடவென்று சிரித்தார். "அப்ப பொட்டி, பிளேயரு எல்லாம் பொண்ணு கூடவே ஊத்துக்கோட்டைக்கு வந்துடும்னு சொல்லு!"

மாணிக்கம் பிளேயரை ஒரு தடவை தடவிக்கொடுத்தார். தேவராஜ் விட்டத்தைப் பார்த்தார். வேறு வழி? இரண்டு தலைகளும் ஒன்றாக ஆடின. தட்டு மாறியது.

சாப்பாடு முடிந்ததும் அவளிடம் மெதுவாகக் கேட்டேன். "அந்த நேரத்துச் சமாளிப்புக்குத்தானேம்மா அப்படிச் சொன்னே?"

"இன்னா சார் நீங்க? பாகம் பிரிக்கசொல்ல என்னிய ஒரு வார்த்த கேட்டாங்களா? அதான் நானே எட்துக்கினேன்."

எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தில் இன்னொரு தடவை பாயசம் வாங்கிக் குடித்தேன். போன வாரம் கல்யாணமும் நடந்தது. பெட்டிகளை வேனில் ஏற்றியவர்கள் அண்ணனும் தம்பியும்தான் — ஆளுக்கொன்றாக.

பாகம் பிரிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வீட்டில் பசை காய்ச்சத் தெரிந்த தங்கை இருக்கிறாளா என்று பார்த்துவிட்டு உட்காருங்கள்!